மூன்றாவது ஆணி

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தெருவில் 'அரை மில்லி' என்று பெயர். புதிதாகக் குடி வருகிறவர்கள், குடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாவப்பட்ட முகம் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் இருந்தாலாவது நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவாரே! மனிதர் டீயைத் தவிர எதையும் தொடமாட்டார். எதைப் பார்த்தாலும் "அரை மில்லி இடிக்குது" என்பார், மில்லிமீட்டர் கணக்கு, அவ்வளவுதான் விஷயம். கதவைச் சாத்தினால் அரை மில்லி இடிக்கும். கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் அரை மில்லி இடிக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவை மாட்டிய அன்று, சாய்ந்திருக்கிறது சாய்ந்திருக்கிறது என்று ஏழு தடவை கழற்றிக் கழற்றி மாட்டினார். எட்டாவது தடவை ஆணி சுவரோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. போட்டோ இன்றைக்கும் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

முதலில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பதினாறு வருஷம் இருந்தார். ஒரு நாள், ஜன்னல் சட்டம் சரியாக உட்காரவில்லை, இந்த பஸ்ஸை வெளியே விடமாட்டேன் என்று வாசலில் குறுக்கே நின்றார். பஸ் போய்விட்டது. இவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் அவர் உலகம். முன் அறையில் என் தையல் மெஷின். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒடுக்கமான நடை.

கொட்டகையில் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். சிலபேர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதிலிருக்கிற இன்ஜினைக் கழற்றிக் கடாசிவிட்டு, அதைவிடப் பெரிய இன்ஜினை உள்ளே திணிப்பார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பெரிய இன்ஜின் உள்ளே போனதும் பழைய தண்ணீர்த் தொட்டி, பழைய குழாய், பழைய பிராக்கெட் எதுவும் அதனதன் இடத்தில் உட்காராது. அப்போது 'அரை மில்லி வீடு எது' என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். இவர் அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, அந்தக் காருக்கென்றே ஒவ்வொன்றாகச் செய்து கொடுப்பார். அத்தனையும் பானெட்டைத் திறந்தால்தான் கண்ணில் படும். மூடிவிட்டால் ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. யாரும் பார்க்காத சாமானுக்கு மூன்று நாள் பாலிஷ் போடுகிற மனிதரோடு குடித்தனம் நடத்தினால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஒரு மாதம் வேலை முதுகை முறிக்கும், மூன்று மாதம் ஈ ஓட்டுவார். என் தம்பிக்கு ஒரு கம்பெனி இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. காற்றுப் போகிற தகரக் குழாய் செய்கிறான். எல்லாம் சதுரம், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் கூரைக்கு மேலே மறைந்துவிடும். அரை மில்லி என்ன, அரை அடி தள்ளிப்போனாலும் காற்று கோபித்துக்கொள்ளாது. "மாமா, சும்மா வந்து மேற்பார்வை பாருங்க, போதும்" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போன மாதம் சாம்பல் நிறத்தில் ஒரு யூனிஃபார்ம் சட்டையே கொண்டுவந்து என் மேஜைமேல் போட்டுவிட்டான். "கை நீளமா இருக்கும், நீயே பிடிச்சுக் கொடுத்திடுக்கா" என்றான்.

அன்றைக்கே நான் அவரை உட்காரவைத்துப் பேசிவிட்டேன்.

"இதோ பாருங்க. அந்த மஞ்சக் காரை டாக்டரம்மா சனிக்கிழமை மத்தியானம் திருப்தியா எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னா, இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்க கொட்டகையைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா, திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு என் தம்பி கம்பெனி. கொட்டகைக்குப் பூட்டு. சம்மதமா?"

"சரி" என்றார். எங்கள் வீட்டில் அவருடைய நீளமான பேச்சு அதுதான்.

சரி என்று சொன்னாரே தவிர, மூஞ்சி செத்துப்போய்விட்டது. அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

மஞ்சள் கார் ஒரு பல் டாக்டருடையது. ஒல்லியான பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பார்த்தால் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் மாதிரி இருப்பாள். அந்தக் காரில் இரண்டே இரண்டு ஸீட். ஒரு தடவை என் தையல் மெஷினைச் சர்வீஸுக்குக் கொண்டுபோகிறேன் என்றாள், வைப்பதற்கு இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கார் கண்காட்சியில் அதைப் பானெட்டைத் திறந்து நிறுத்துவதாக இருந்தாள். நூறு பேர் எட்டிப் பார்ப்பார்கள், இவருக்கும் வேலை வரும் என்பது கணக்கு. தொட்டி, பேட்டரிப் பெட்டி, குறுக்குக் கம்பி எல்லாம் செய்தாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. இன்ஜினுக்கு இடது பக்கம் ஒயரும் குழாயும் பியூஸ் பெட்டியுமாகக் குப்பைபோலக் கிடக்கிறதே, அதை மறைத்து ஒரு பெரிய கவர். ஒட்டுப் போடாமல், ஒரே தகட்டில்.

அதற்கு முதலில் பேப்பரில் மாதிரி வெட்ட வேண்டும். நான் துணிக்கு அளவு வெட்டி வைத்துக்கொள்கிற அதே பழுப்புப் பேப்பர்தான். மூன்று வாரம் அதைக் காருக்குள் வைத்து வைத்து எடுத்துக் கத்தரித்தார். நான் ஒரு ஜாக்கெட்டுக்கு அத்தனை தடவை அளவெடுத்திருந்தால் தைக்கக் கொடுத்தவள் தெருவில் இறங்கி ஓடியிருப்பாள்.

நடைச் சுவரில் ஆறு ஆணிகள் உண்டு. முதல் மூன்று அவருடையவை, கடைசி மூன்று என்னுடையவை. அவரும் பேப்பரில் பெயர் எழுதமாட்டார், நானும் எழுதமாட்டேன். எதற்கு? எந்த ஆணியில் தொங்குகிறதோ அதுதான் அதன் பெயர். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தப்பும் நடந்ததில்லை. அந்த வாரம் மூன்றாவது ஆணியில் காரின் கவர் தொங்கியது. நாலாவதில், ஒரு வக்கீலம்மாவுக்கு நான் தைக்க வேண்டிய கறுப்புக் கோட்டின் முன்பாகம் தொங்கியது. வக்கீலம்மா நல்ல ஆகிருதி. அதனால் பேப்பரும் கவர் அளவுக்குப் பெரிது. இதிலும் மேலே ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு வளைவு. அதிலும் அப்படியே. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் அக்கா தங்கச்சி.

புதன்கிழமை எனக்குக் கை சும்மா இருந்திருக்கக்கூடாதா? நடை முழுக்க ஒட்டடை என்று எல்லாவற்றையும் கழற்றி, சுவரைத் துடைத்து, மறுபடி மாட்டினேன்.

வியாழக்கிழமை காலையில் அவர் நடைக்கு வந்தபோது நான் யூனிஃபார்ம் சட்டையும் கையுமாக வழியை மறித்தேன். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, கையைப் பிடிக்கணும்" என்றேன். "அப்புறம்" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் பட்டறையில் ஆரம்பித்துக் கல்யாணப் போட்டோ வரைக்கும் ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. என் வாயிலிருந்து தப்பித்தால் போதுமென்று, மூன்றாவது ஆணியில் இருந்ததை உருவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்.

நான் புலம்பிக்கொண்டே நாலாவது ஆணியில் இருந்ததை எடுத்துவந்து கறுப்புத் துணிமேல் விரித்தேன். சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே வந்தவள், இடுப்புப் பக்கம் வந்ததும் நின்றேன். அங்கே வட்டமாக ஓர் ஓட்டை. வக்கீலம்மாவுக்கு இடுப்பில் எதற்கு ஓட்டை? பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்திலேயே இன்னும் இரண்டு சின்ன ஓட்டைகள், போல்ட்டுக்கு.

கொட்டகையில் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்கதவுக்குப் போனதும் நின்றேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது பாதித் தகடுதான் வெட்டியாகியிருந்தது. "நிறுத்துங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். சத்தம் போடுகிற விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வாய் வரவில்லை. கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும், திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தம்பி கம்பெனி, மாதாமாதம் நிம்மதி என்று உள்ளே ஒரு புத்தி சொன்னது. ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். மெஷின் நின்றது.

தகட்டைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். வைத்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கோட்டுக்குக் கை வைக்கிற வளைவு நேராகப் பியூஸ் பெட்டிக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. முன்னால் ஹெட்லைட் பக்கம் ஒரு சாண் போதவில்லை. அரை மில்லிக்கு ஊரைக் கூட்டுகிற மனிதர் ஒரு சாணுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

"பேப்பர் மாறிப்போச்சுங்க" என்றேன். "நேத்து ஒட்டடை அடிச்சப்ப நான்தான் ஆணி மாத்தி மாட்டிட்டேன்." நின்ற நிமிஷத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"வெட்டுறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும். என் தப்புதான்" என்றார்.

தகட்டுக் கடைக்குப் போன் செய்தார். அந்தத் தகடு இனி அடுத்த புதன்கிழமைதான் வருமாம். போனை வைத்துவிட்டு, வெட்டிய தகட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். தப்பாக வெட்டினதை எதற்கய்யா துடைக்கிறாய் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஸ்பேனர்களை அளவு வாரியாக எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமை வர்றேன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடும்மா. சட்டையைக் கொடு, போட்டுப் பார்க்கிறேன்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை நீண்டு விரல் நுனிவரை தொங்க, கூண்டில் ஏறின குற்றவாளி மாதிரி என் முன்னால் வந்து நின்றார். என்னால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கழட்டுங்க முதல்ல" என்றேன். "மிச்சத் துண்டெல்லாம் எங்கே?"

"எதுக்கு?"

"துணி பத்தலேன்னா நான் மெஷினை மூடிட்டுத் தம்பி வீட்டுக்கா போறேன்? கொண்டாங்க."

தரையில் விரித்தேன். நடுவில் வக்கீலம்மாவின் கோட்டு, சுற்றிலும் வெட்டி மிஞ்சிய துண்டுகள். அதன்மேல் சரியான பேப்பரை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முன்னால் குறைகிற ஒரு சாணுக்கு ஒரு துண்டு இருந்தது. கை வளைவை மூட இன்னொரு துண்டு இருந்தது.

"ஒட்டுப் போட்டா அசிங்கமா இருக்கும்" என்றார். "டாக்டர் ஒரே தகடுன்னு சொல்லியிருக்காங்க. வெல்டு வெச்சா இந்தத் தகடு நெளிஞ்சுடும்."

"ஒட்டுன்னு ஒளிச்சாத்தான் அசிங்கம். வேணும்னே வெச்ச மாதிரி வைக்கணும். ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி, ரெண்டு வரிசை ரிவெட் ஆணி அடிங்க. பேன்ட்டுக்கு ரெட்டைத் தையல் போடறதில்லையா? இந்தக் கை ஓட்டைக்குப் பாக்கெட் மூடி மாதிரி ஒண்ணு, மேல கீல் வெச்சு."

"கவருக்குப் பாக்கெட்டா?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் வேலையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க நான் மெஷினில் உட்காரவில்லை. அலுமினியத்தின் மேல் என் சாக்பீஸால் கோடு போட்டேன். அவர் "அரை மில்லி வலப்பக்கம்" என்றார். "வாயை மூடிக்கிட்டு ஓட்டையைப் போடுங்க" என்றேன். பட்டன் வைக்கிற என் அளவுப் பட்டையைக் கொண்டு ரிவெட்டுக்கு இடம் குறித்தோம். மூடியின் ஓரத்தை நான் சொன்னபடி மடித்தார். மடித்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் என் தையலுக்குக்கூடக் கேட்டதில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே தம்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கால்மேல் கால். "மாமா, உங்களுக்குத் தனி மேஜை போட்டாச்சு" என்றான். இவர் தலையை ஆட்டினார். பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தாள். நேராகக் காரிடம் போனாள். கைப்பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்து, தொட்டிக்குப் பின்னால், பிராக்கெட்டுக்கு அடியில் என்று ஒவ்வொரு வெல்டாகப் பார்த்தாள். காரை 'ஆ' காட்டச் சொல்லாததுதான் பாக்கி. கடைசியில் கவருக்கு வந்தாள்.

"அண்ணா, ஒரே தகடுன்னுதானே பேசினோம்?"

தம்பி காலை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆமா டாக்டர். தப்பா வெட்டிட்டேன். வேற தகடு கிடைக்கல. ஒட்டுப் போட்டிருக்கு" என்றார் இவர். ஒரு பொய் சொன்னால்தான் என்ன! டிசைன் என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன! எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன்.

டாக்டர் மூடியைத் தூக்கினாள். உள்ளே பியூஸ் பெட்டி. மூடினாள். திறந்தாள். மூடினாள்.

"போன வருஷம் மழையில நடுரோட்டுல பியூஸ் போய் நின்னேன் அண்ணா. இனிமே ஒரு பியூஸ் மாத்த முழுக் கவரையும் கழட்டணுமேன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். கேட்டா நீங்க வருத்தப்படுவீங்களோன்னு சொல்லல. இது யாரோட யோசனை?"

"வீட்டுல" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா. எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்" என்றாள் டாக்டர்.

"இருங்க. பானெட் இடிக்குதான்னு பார்க்கணும்" என்றார் இவர். இதற்கு டாக்டரிடம் ஒரு பொருள் உண்டு, பல் அச்சு எடுக்கிற ரோஸ் நிறப் பசை. அதை உருட்டிக் கவர்மேல் நாலு இடத்தில் வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறந்தார். நசுங்கிய உருண்டைகளை எடுத்து அளந்தார். முகம் சுருங்கியது.

"அஞ்சு மில்லி இருக்கணும் டாக்டர். நாலரைதான் இருக்கு. அரை மில்லி குறையுது. நான் கொடுக்கமாட்டேன்."

"அண்ணா, பல்லுல இவ்வளவு சரியா வந்தா நான் பேஷண்ட்டுக்கு நன்றி சொல்லி அனுப்புவேன்!"

"பல்லு சூடாகி விரியாது டாக்டர். இன்ஜின் விரியும்."

டாக்டரே சம்மதித்த பிறகும் சம்மதிக்காத மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் கவருக்கு அடியிலிருந்த வாஷர்களை எடுத்துவிட்டு மெல்லிசாக வேறு போட்டார். மறுபடி உருண்டை, மறுபடி மூடல். "அஞ்சு" என்றார். அப்புறம்தான் சாவியை நீட்டினார். மஞ்சள் கார் தெரு முனையில் திரும்புகிறவரைக்கும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அப்போ மாமா வரலையா?" என்றான் தம்பி.

"வரல. நீ கிளம்பு. சட்டை இங்கயே இருக்கட்டும்."

நல்ல பருத்திச் சட்டை. இரண்டாகக் கிழித்துக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு மனசு தாங்கவில்லை.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமை நீங்க வெட்டும்போதே பேப்பர் மாறினது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஓடி வந்தேன். வந்து, சொல்லாம ஒரு நிமிஷம் கதவுகிட்டயே நின்னுட்டேன். நீங்க தம்பி கம்பெனிக்குப் போகட்டும்னுதான் நின்னேன்."

அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்து முடித்தார்.

"நீ நின்னதைப் பார்த்தேன்" என்றார். "கையில பேப்பர் இருந்ததையும் பார்த்தேன்."

"பார்த்துமா நிறுத்தல?"

"நீ சட்டை விஷயமாத் திட்டத்தான் வந்து நிக்கறேன்னு நினைச்சேன். அதான் நிமிராம, கொஞ்சம் வேகமாவே வெட்டிட்டேன்."

உள்ளே போய் டீ போட்டு, இரண்டு டம்ளராக எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே திரும்பி வந்தேன்.

கண்காட்சிக்குப் பிறகு இதுவரை நாலு கார்கள் வந்திருக்கின்றன. நாலு பேருக்கும் பாக்கெட் வைத்த கவர்தான் வேண்டுமாம். நடையில் ஆணிகளை நான் தொடுவதில்லை. ஒட்டடை இருந்தால் இருக்கட்டும். பின்கதவுக்குப் போனால் முதலில் "திட்ட வரலைங்க" என்று சொல்லிவிடுகிறேன். அவரும் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். அதற்குப் பிறகு பாதி நாள் திட்டத்தான் செய்கிறேன்.